தோல் மாற்றிய வாரம்

நஞ்சம்மாவின் வீடு பகலில் தென்பெண்ணையில் மிதக்கும். பொழுது சாய்ந்தால் மணலில் கவிழ்ந்து கூரையாகிவிடும். மூங்கில் பின்னி மாட்டுத்தோல் போர்த்திய பரிசல்தான் அது. வலை, சட்டி, கேழ்வரகு மூட்டை, புருசன் ஆஞ்சப்பன் எல்லாம் அதற்குள் அடக்கம். இவற்றில் கனம் கூடியது புருசனின் சோம்பல்தான் என்று அவள் வாய்க்கு வாய் சொல்வாள்.

பக்கத்துப் பரிசல் அவள் அண்ணன் கங்கப்பனுடையது. பழைய தோலை உரித்துப் புதிது தைத்தால், காயும்வரை பரிசலைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. அதனால் இரண்டு குடும்பமும் ஒரே சமயத்தில் தோல் மாற்றாது. ஒன்று காயும்போது மற்றது மீன் பிடித்து இரண்டு அடுப்புக்கும் போடும். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான்.

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிப் பக்கம் அணை எழும்பியது. தண்ணீர் தேங்கினால் மணல்திட்டு முழுகிவிடும். அணை வேலைக்கு ஆள் ஏற்றி இறக்க ஒரே ஒரு பரிசலைச் சேர்ப்பார்கள், அந்தக் குடும்பம் கரையில் குடிசை போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. மற்றவர்கள் வேறு ஆறு பார்த்துப் போகவேண்டியதுதான். பரிசல் ஓட்டுவதில் அண்ணனைவிட நஞ்சம்மா கெட்டி. அது கங்கப்பனுக்கும் தெரியும்.

"பரிசலு சேத்துக்கற அணை மேஸ்திரி வர இன்னும் நாளு இருக்குதாம். உன் பரிசலு ஒழுவுது நஞ்சி, இப்பவே தோலு மாத்திக்க. மீனு நான் பாத்துக்கறேன்" என்றான். போச்சம்பள்ளிச் சந்தையில் அவனே தோல் வாங்கி வந்தான். கூடவே உட்கார்ந்து தைத்தும் கொடுத்தான். நஞ்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே மேஸ்திரி வந்தார்.

"என்னுதும் இருக்குதுங்க, காயுது" என்று நஞ்சம்மா ஓடினாள்.

"நாளைக்கி ஆளு ஏத்தணும். காயறத வெச்சு நான் என்னம்மா பண்றது?" என்றவர், தண்ணீரில் நின்ற கங்கப்பனின் பரிசலில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் கங்கப்பன் மீனைப் பங்கு போட்டு, பெரிய பங்கை அவள் அடுப்பருகே வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"மேஸ்திரி இன்னிக்கி வராருன்னு உனக்கு முன்னியே தெரியுமாண்ணா?"

"தெரியும். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது நஞ்சி."

அவன் போய்விட்டான். அவன் கூடவே உட்கார்ந்து ஊசி கோத்துத் தைத்த தையலை விரலால் தடவினாள். கூடப்பிறந்தவன் கழுத்தை அறுத்துவிட்டான். அறுப்பதற்கு அவளே குனிந்தும் கொடுத்திருக்கிறாள்.

ஆஞ்சப்பன் எழுந்து மீனை அள்ளினான். "இத ஆத்துலயே கொட்டிட்டு வர்றேன்."

"வெய்யி கீழ" என்றாள் நஞ்சம்மா. "தோலு காயற வரிக்கும் அவன் போடறதத்தான் திங்கணும்."

அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு மீனை அரிய உட்கார்ந்தாள்.