கனரகச் சாம்பியனுக்காக நான் விட்ட குத்து

நானும் இரும்புக்கடை பாயும் வாழ்நாளில் ஒரு குத்துச்சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் செங்கம் சாலை டீக்கடை பெஞ்சில், தினமும் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை, உலகக் குத்துச்சண்டையை நாங்கள்தான் நடத்தினோம். நடக்காத சண்டைகளை மட்டும். நடந்த சண்டையில் யார் ஜெயித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதில் எங்களுக்கு வேலையில்லை.

என் ஆள் கனரகப் பிரிவின் சாம்பியன், நூற்றுப்பத்து கிலோ. பாயின் ஆள் அறுபது கிலோ பிரிவு. இருவரையும் ஒரே மேடையில் ஏற்ற எந்த ஊரிலும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தச் சண்டை எங்களுக்கு அலுக்கவேயில்லை.

"எடைய எடுத்துட்டா உங்க ஆளு இன்னா வாத்தியாரே? சும்மா பீரோ!" என்பார் பாய்.

"எடைய எடுத்துட்டு எப்படிங்க சண்டை போடறது? கடையில கடப்பாரை வாங்கறவன்கிட்ட எடைய எடுத்துட்டா குடுப்பீங்க?"

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஈர விரலால் பெஞ்சின் மேல் விசை, நிறை, முடுக்கம் என்று எழுதி நிரூபிப்பேன். அது காய்ந்ததும் பாய் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டு சாம்பியன்களின் கை நீளமும் எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். என் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை மட்டும் மனைவியிடம் கேட்டுக்கொள்வேன்.

பாய் ஊருக்குள் தலைமுறைகளாக இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு கடை மகன் கைக்குப் போனது. பாயும் மகன் கைக்குப் போனார். தனியாக வெளியே போக அனுமதி அந்த ஒரு மணி நேரம்தான். "மத்த இருபத்துமூணும் பையன்து. இது ஒண்ணுதான் என்து," என்று சொல்லியிருக்கிறார். அது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அன்று அடுத்த பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரர் லெமன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய அட்டை. எங்கள் ஊர் ஆசிரமப் பக்கம் அப்படி மௌன விரதம் இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பாய் அவரிடம் செல்போனை நீட்டி இரண்டு சாம்பியன்களின் படத்தையும் காட்டி, "சார், ஹூ வின்?" என்றார்.

ஆத்மாவைப் பற்றிக் கேட்டதுபோல அந்த மனிதர் வெகுநேரம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு எழுந்து வந்து, நடுவர் செய்வதுபோல, பாயின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

"பேசாதவரு பொய் சொல்ல மாட்டாரு சார்," என்று டீ மாஸ்டர் தீர்ப்பை உறுதி செய்தார். கடையே சிரித்தது.

"எழுந்திருங்க பாய். செஞ்சே காட்டறேன்," என்றேன்.

நான் எண்பத்தெட்டு கிலோ. அவர் ஐம்பத்திரண்டு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தோஷமாகக் குதித்தார். "வா பீரோ, வா!" என்று என் வயிற்றில் விரலால் தட்டினார். "ஒரு பாயிண்டு!" இன்னொரு தட்டு. "ரெண்டு!" மூன்றாவதற்குள் என் குத்து விழுந்துவிட்டது.

காற்றிலேயே நிறுத்தத்தான் நினைத்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அவர் விழவேண்டும் என்று நினைத்தேன். விழுந்தபோது ஒரு மூச்சு நேரம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. கணக்கு சரியாக வந்ததே! பிறகுதான் அவருடைய இடது மணிக்கட்டு திரும்பியிருந்த விதத்தைப் பார்த்தேன். வெள்ளைக்காரரின் விரதம் அங்கேயே முடிந்தது. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நல்ல வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் பாய் வலியோடு சொன்னார்: "வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க. பையனுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், அப்புறம் வெளியவே விடமாட்டான்."

அப்படியே சொன்னேன். மகன் நம்பினார். வழுக்காத செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். பத்தாம் நாள் கையில் மாவுக்கட்டோடு பாய் பெஞ்சுக்கு வந்துவிட்டார். "மணி அடிக்கறதுக்கு முன்னாடி குத்திட்டீங்க வாத்தியாரே. அது செல்லாது," என்றார். அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. உண்மையே பேசு என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் அல்லவா? ஒரு நாள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். பாயும் இரண்டு வாடிக்கையாளர்களும் பார்த்திருக்க மகனிடம் சொன்னேன்: "உங்கப்பா வழுக்கி விழல. நான்தான் குத்தினேன்."

சொல்லி முடித்ததும் இரண்டு எடைப்பிரிவு இறங்கியதுபோல உடம்பு லேசாக இருந்தது. பாயைப் பார்த்தேன். நான் குத்தியபோதுகூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

மகன் சத்தம் போடவில்லை. "எதுக்குங்க குத்தனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அறுபது கிலோ ஆளு நூத்திப்பத்து கிலோ ஆள ஜெயிப்பாரான்னு..."

ஒரு வாடிக்கையாளர் கையிலிருந்த பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தார்.

"இனிமே அத்தா அங்க வரமாட்டாருங்க," என்றார் மகன்.

முதல் குத்து எலும்பை உடைத்தது, அது கூடிவிட்டது. இரண்டாவது அவருடைய ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. முதலாவதை என் சாம்பியனுக்காக விட்டேன், இரண்டாவதை என் மனசாட்சிக்காக. இரண்டாவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் மனம் லேசாவதில்தான் எனக்கு அவசரம்.

இப்போது பாய் நாள் முழுவதும் கடையில், மகனின் பார்வையில் உட்கார்ந்திருக்கிறார். வாரம் இரண்டு தடவை போகிறேன். சும்மா நிற்க முடியாது என்பதால் கால் கிலோ ஆணி கேட்பேன். நிறுத்துக் கொடுப்பார். முன்பு நான் 'வாத்தியாரே'. இப்போது, "சொல்லுங்க சார்."

போன வாரம் பொட்டலத்தை நீட்டியபடி மெதுவாகச் சொன்னார்: "ஆணி போதும் சார். வீட்டு சொவுரு தாங்காது. அடுத்த தபா வேற ஏதாவது கேளுங்க."

"சரிங்க பாய். எப்ப வரட்டும்?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் பில் எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.