அண்ணா சட்டையில் ஒரு நாள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எதற்கும் ஒரு விடை இருக்கும் என்று நினைக்கிறவள். அதனால் இதை நம்பித்தான் ஆகவேண்டும் என்று உங்களிடம் மல்லுக்கு நிற்க மாட்டேன், நீங்கள் சிரித்தாலும் கோபமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பதினேழு வயது. திருவள்ளூரில் வீரராகவர் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு, அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் சமையல். எனக்கு ஒரே அண்ணா, ரங்கன். கரண்டி பிடிக்க மாட்டேன், மெட்ராஸில் லேத்துப் பட்டறை வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "போனா இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அப்பா சொன்னார். போனவன் போனவன்தான், மூன்று வருஷமாக ஒரு கார்டு கூட இல்லை. அம்மா மட்டும் அமாவாசை தவறாமல் அவன் பெயரைச் சொல்லிக் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பாள். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்று பெயர், குளத்தில் வெல்லம் கரைகிற மாதிரி உடம்பில் உள்ள வியாதி கரைந்துவிடும் என்பது நம்பிக்கை.

அந்தத் தை அமாவாசையன்று அம்மாவையும் விடியற்காலையிலேயே மடைப்பள்ளி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முந்தின நாள் கிழித்த காலண்டர் தாளில் வெல்லத்தை மடித்து, வாழைநாரால் கட்டி என் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு நீ கரைச்சுடுடி. அண்ணா பேரைச் சொல்ல மறந்துடாதே."

நானோ வேறு திட்டத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு பத்மாவும் நானும் ஒரு நாளாவது மெட்ராஸைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று பல மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பெண்கள் தனியாகப் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும், அண்ணனும் தங்கையுமாகப் போனால் யார் கேட்பது? டிரங்குப் பெட்டியில் அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த ரங்கனின் பேண்டும் கட்டம் போட்ட சட்டையும் எனக்குச் சரியாக இருந்தன. பின்னலைச் சுருட்டி, தலையோடு தாடையையும் சேர்த்து மப்ளரால் கட்டிவிட்டாள் பத்மா. யாராவது கேட்டால் பல்வலி, வாயைத் திறக்க முடியாது. குரலும் மறைந்தது, முகமும் பாதி மறைந்தது. அவசரத்தில் வெல்லப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், சாயங்காலம் வந்து கரைத்தால் போகிறது என்று.

மெட்ராஸ் கூட்டமெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் காலி ரயிலில் எதிர்த்திசையில் போனோம், பையில் பொட்டலம் கல்லு மாதிரி இடித்துக்கொண்டே வந்தது. மூர் மார்க்கெட்டைச் சுற்றினோம். ஒரு வளையல்காரர் என்னைத் "தம்பி" என்றார், பத்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால்மேல் கால் போட்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். அந்தக் காலைவேளையின் சந்தோஷம் மாதிரி அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

கடற்கரைக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு சந்தில் இட்லி விற்கிற அம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா ரங்கா, நேத்து அந்தக் கெடை கெடந்த, இன்னிக்கு ஊரு சுத்திக்கினு கீற?"

நான் மப்ளரை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன். பத்மாதான், "அண்ணாவுக்குப் பல்வலி, பேச முடியாது" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? நாலு நாளா அதே மப்ளரு, அதே வீக்கம். புள்ள தூக்கத்துல அம்மா அம்மான்னு அனத்திக்கினு இருந்துச்சு. இட்லி வேணாம், மொதல்ல ஊருக்குப் போ நைனா. அம்மாவப் பாத்தா எல்லாம் சரியாப் பூடும்."

எங்கே படுத்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். குரல் காட்டிக்கொடுத்துவிடும், விஷயம் அப்பா காதுக்குப் போய்விடும் என்று பயந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. ரயிலில் பையைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அடி விழுந்தாலும் சரி என்று முடிவு செய்தேன்.

பத்மா வீட்டில் உடை மாற்றும்போது பைக்குள் கை விட்டேன். வாழைநார் அவிழ்ந்திருந்தது. காலண்டர் தாள் சொதசொதவென்று நனைந்து, பாசி வாடை அடித்தது. வெல்லம் இல்லை. சட்டையோ காய்ந்துதான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "ரங்கன் வந்திருந்தான்டி! உச்சி வேளையில குளத்துப் படியில நின்னான். அதே கட்டம் போட்ட சட்டை, தலையில மப்ளர். வெல்லம் கரைச்சுண்டிருந்தான். கூப்பிட்டேன், கூட்டத்துல மறைஞ்சுட்டான். பெட்டியில பாரு, சட்டையைக் காணோம், ஆத்துக்கு வந்து எடுத்துண்டு போயிருக்கான்!"

உச்சி வேளையில் நான் அந்த இட்லிக்கார அம்மா முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் பாருங்கள், என் மனசு அதற்கும் ஒரு கணக்குப் போட்டது. ஊருக்குப் போ என்றாளே, அண்ணா வந்துவிட்டான், அவன் போட்டிருந்தது வேறு ஏதோ கட்டம் போட்ட சட்டை, அம்மாதான் இதுவென்று மயங்கியிருப்பாள், நாளைக்குப் படியேறி வருவான். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வந்தது அவனுடைய பட்டறைச் சிநேகிதர். ரங்கனின் தலையணைக்கு அடியில் அம்மாவுக்கு எழுதி அனுப்பாத கடிதம் ஒன்று இருந்ததாம், அதிலிருந்துதான் விலாசம் தெரிந்ததாம்.

"கடவாப்பல்லு வீங்கி சீழ் வச்சுக்கிச்சும்மா, காய்ச்சல் எறங்கவே இல்ல. அமாவாச அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே பூட்டான். ஊரு தெரியாம நாங்களே எடுத்துட்டோம்."

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. அம்மா அழவில்லை. "என்னைப் பாக்க வந்துட்டுத்தான் போனான்" என்று மட்டும் சொன்னாள். நான் போட்ட வேஷத்தைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை, சட்டையையும் திருப்பி வைக்கவில்லை.

பத்து வருஷம் கழித்து அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு ரங்கன் பிரிச்ச பொட்டலம், நான் கட்டின வாழைநார், நான் மடிச்ச காலண்டர் தாள். உங்கிட்டன்னா குடுத்தேன், அவன் கைக்கு எப்படிடி போச்சு?"

இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நான்தாம்மா குடுத்தேன்" என்றேன், வேறென்ன சொல்ல.

"அப்போ அவனோட பேசினியா? என்ன சொன்னான்?"

"பல்வலி விட்டுடுத்தாம், அம்மாகிட்ட சொல்லிடுன்னான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், முகம் அப்படித் தெளிந்துபோயிற்று. சொன்னது பொய்தான், எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. என்றைக்கோ ஒருவர் சொல்லி அனுப்பி, நான் சொல்ல மறந்திருந்த சேதியைப் போல அது தானாக என் வாயில் வந்தது. அதைச் சொல்லி அனுப்பிய குரல் யாருடையது என்று நினைவுபடுத்திப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.