எங்கள் காரின் சத்தத்தை நான் போட்டுக்காட்டிய நாட்கள்

வடலூரைத் தாண்டி சேத்தியாத்தோப்பு ரோட்டில் வேகமுள் அறுபதைத் தொடும்போது, அது முதலில் தொடைக்கு அடியில்தான் தெரியும். வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டுக்குள் யாரோ உட்கார்ந்து திருகை சுற்றுவதுபோல ஒரு 'கிடுகிடு' கிளம்பி, முதுகுத்தண்டில் ஏறி, கன்னத்துச் சதையை ஆட்டிவிட்டுக் கடைசியில் பல்லுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் அம்மாவைக் கூப்பிட்டால் 'அ-அ-அம்-ம்-மா' என்றுதான் வெளியே வரும். வேகம் ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் போதும், ஒன்றுமே நடக்காததுபோல் கார் நல்ல பிள்ளையாகிவிடும்.

அப்பா அந்தக் காரை எழுபதுகளின் கடைசியில், நான்கு பேர் ஓட்டிக் களைத்த பிறகு ஐந்தாவது ஆளாக வாங்கினார். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க்கான அவருக்குக் கார் தேவைப்பட்டதற்கு ஒரே காரணம் என் அக்கா வசந்தி. இளம்பிள்ளை வாதத்தில் இளைத்த இடது காலில் இரும்புச் சட்டம் பொருத்திய பூட்ஸ் போட்டு நடப்பாள். கணக்கில் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் சிதம்பரத்தில் கல்லூரி இடமும் ஹாஸ்டலும் கிடைத்துவிட்டன. ஆனால் டவுன் பஸ்ஸின் முதல் படி அவள் முழங்காலுக்கு மேலே இருந்தது. மாதம் இரண்டுமுறை கொண்டுவிட்டுக் கூட்டிவருவது என்று அப்பா முடிவெடுத்து, நாற்பத்திரண்டு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டார். "கற்றுக்கொண்டார்" என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பயத்தில் அவருக்குக் காதும் அடைத்துப்போகும்.

இந்த 'கிடுகிடு' வந்ததும் அப்பா ஆலோசனை கேட்கக் கிளம்பினார். நெய்வேலியில் அதற்குப் பஞ்சமா? தெருவில் பாதிப் பேர் இயந்திரங்களோடு குடும்பம் நடத்துகிறவர்கள். நாலு மாடி உயரத்துச் சக்கரத்தால் மண்ணை வழித்துப் போடும் இயந்திரத்தின் மேலேறி நட்டு முடுக்கிவிட்டு வந்து, மாலையில் லுங்கியோடு முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் எல்லாருமே அப்போது ராட்சசனைக் கட்டி மேய்ப்பவர்களாகத் தெரிந்தார்கள். ஒரே ஒரு சிக்கல்: பிளாக் ரோட்டில் யாரும் அறுபதில் ஓட்ட முடியாது, ஓட்டாவிட்டால் சத்தம் வராது, சத்தம் வராவிட்டால் அவர்கள் எதைக் கேட்டு நோயைச் சொல்வது?

இங்கேதான் நான் தேவைப்பட்டேன். எனக்குப் பத்து வயது. படிப்பு, விளையாட்டு, ஓவியம் எதிலும் என்னிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பால்காரர் சைக்கிள், மிக்சி, தலைமையாசிரியர் இருமல் எல்லாம் அச்சு அசலாக வாயில் வரும். அப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவீடாகப் போய், "டேய், அந்தச் சத்தத்தப் போட்டுக் காட்டுடா" என்பார். நான் நடுக்கூடத்தில் கால்களை அகட்டி நின்று, கியர் மாற்றி, வேகம் ஏற்றி, அறுபதில் கன்னத்தை ஆட்டி 'கிடுகிடுகிடு' என்று போடுவேன். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் வீட்டு அம்மா எனக்கு முறுக்கு கொடுப்பார்.

கலைஞனுக்குக் கைதட்டல் கெடுதல் என்பதை அன்றே நான் நிரூபித்தேன். மூன்றாவது வீட்டில் சும்மா 'கிடுகிடு' போட்டு எனக்கே அலுத்துவிட்டதால், முடிவில் ஷிப்டு சங்கு ஊதுவதுபோல் இழுத்து 'ஊஊஊ' என்று ஒன்றைச் சேர்த்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வீட்டில் அது இன்னும் நீண்டது.

பவர் ஹவுஸில் டர்பைன் பார்க்கும் ராமநாதன் சார் கண்ணைத் திறந்து, "அந்த ஊளைதான் மெயின். அதிர்றது சும்மா துணைக்கு வர்றது. பின் ஆக்சிலுக்குள்ள பல்சக்கரம் தேஞ்சிருக்கு, சந்தேகமே இல்ல" என்றார். மைன்ஸ் ஃபிட்டர் துரைசாமி அண்ணனும், "எங்க மிஷின்ல கியர் பாக்ஸ் போறப்ப இதே ஊளைதான் சார் வரும்" என்று சத்தியம் செய்தார். ஆளுக்கு ஆள் தான் மேய்க்கும் ராட்சசனின் குரலையே எங்கள் காரில் கேட்டார்கள். அப்பா டைம் ஆபீஸ் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டார். அந்த நோட்டை நம்பி வடலூர் மெக்கானிக் பின் ஆக்சிலைப் பிரித்தார். மாடும் பஸ்ஸும் நெரிகிற அந்தக் கடைவீதியில் அவராலும் அறுபதில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. புது பேரிங், புது எண்ணெய். அடுத்த ஞாயிறு சேத்தியாத்தோப்பு ரோட்டில் அறுபது வந்தது. 'கிடுகிடு'வும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதற்குள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த 'ஊ' உண்மையாகவே கேட்க ஆரம்பித்திருந்தது. "இதோ, ஊளை வருது பாருங்க" என்று அம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். எனக்கே சில சமயம் கேட்டது. அக்கா மட்டும் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

மறுவாரத்தில் ஆக்சில் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தபோது அம்மா முடிவாகச் சொன்னாள். "பொம்பளப் புள்ளய இந்த எமன்ல ஏத்தி அனுப்ப மாட்டேன். வித்துருங்க. அவ கரஸ்ல படிக்கட்டும்." திங்கட்கிழமை ஹாஸ்டலில் சேர வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு காலை, தபால் வழிப் படிப்புக்கான விண்ணப்பம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பூர்த்தியாகிக் கிடந்தது. அன்று மாலை காரைப் பார்க்கப் பண்ருட்டியிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அக்கா விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் போடவில்லை. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் செய்த வேலை எதில் போய் முடிகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் இட்லியைத்தான் உள்ளே போட முடிந்தது.

அந்த நேரத்தில் கலியபெருமாள் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு அதே சுரங்கத்தில் பெல்ட் செக்ஷனில் வேலைக்குச் சேர்ந்தவர். லீவு விஷயமாக அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். கரி ஏற்றிக்கொண்டு மைல் கணக்கில் ஓடும் அந்த பெல்ட்டின் இரைச்சலில் அவர் காது கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டிருந்தது. அப்பா பழக்கதோஷத்தில் அவர் முன்னும் என்னை நிறுத்தினார். நான் சங்கு உட்பட முழுக் கச்சேரியும் செய்து முடித்தேன். அவர் என் வாயையே கவலையோடு பார்த்துவிட்டு, "தம்பிக்குப் பல்லு வலிங்களா சார்?" என்றார்.

அப்பா கத்திக் கத்தி விஷயத்தைப் புரியவைத்தார்.

"சத்தத்த வுடுங்க, எனக்கு எங்க கேக்குது? வண்டில ஏறிகினு ஒரு நட போய் வரலாங்களா?"

போனோம். அக்காவும் வருவேன் என்று முன்சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்சீட்டில். கலியபெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் உட்காராமல், பின்பக்கத் தரையில் சம்மணம் போட்டார். காரின் நடுவே தரை மேடாகப் புடைத்து ஓடுமே, அதற்குக் கீழேதான் இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு இருக்கிறது. அந்த மேட்டின் முன்பக்கம் ஒரு கையையும் பின்பக்கம் ஒரு கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அறுபது வந்தது. கார் நடுங்கியது. "நூட்ரல்ல வுடுங்க சார்!" அப்பா பயந்துகொண்டே கியரை எடுத்தார்; இன்ஜின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. "அப்ப இன்ஜின் இல்ல. கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒடிச்சு ஓட்டுங்க." ஒடித்தார். "மாறல. சக்கரமும் இல்ல. இப்ப கியர் போட்டு மிதிங்க... வுட்டுடுங்க... மிதிங்க..." மிதித்தால் நடுக்கம் முரடானது, விட்டால் மெலிந்தது. அவர் பின்பக்கக் கையை எடுத்துவிட்டு, முன்பக்கக் கையை மட்டும் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். குழந்தைக்கு வயிற்றுவலி எங்கே என்று தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. ஓரிடத்தில் கை நின்றது.

"இங்கதான். தண்டுக்கு ரெண்டு முனையிலயும் கிராஸ்னு ஒரு இணைப்பு இருக்குதுல்ல, முன்னாடி கிராஸ்தான் போச்சு. நிறுத்துங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வரிசை எண்கூட எழுதாமல், ஒரு சத்தம்கூடக் கேட்காமல், இரும்புத் தகட்டுக்கு அடியில் இருப்பதைக் கையால் படித்துவிட்டார். பெல்ட் ஓரம் நடக்கும்போது கம்பத்தில் குச்சியை ஊன்றி ஊன்றி, ஆயிரம் உருளைகளில் எது சாகப்போகிறது என்று அவர் கண்டுபிடிப்பாராம். பிற்பாடு அப்பா சொல்லித்தான் தெரியும்.

ஆனால் அப்பா காரைப் புளியமரத்தடியில் நிறுத்தி நோட்டை எடுத்தார். "அப்ப இந்த ஊளை?" என்று கலியபெருமாளின் காதருகே கத்தினார். "டர்பைன்காரரும் ஃபிட்டரும் கேட்டுருக்காங்க. நானே கேட்டேன். கிராஸ் போனா ஊளை வருமா?"

கலியபெருமாளின் முகம் சுருங்கியது. "ஊளையா? வராதுங்களே. கையிக்கு அப்படி ஒண்ணும் தெரியலங்க." தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "படிச்சவங்க காதால கேட்டுச் சொல்றாங்கன்னா சரியாத்தான் இருக்கும் சார். நான் செவிட்டுப் பய, எனக்கு இன்னா தெரியும்? வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

அப்பா நோட்டை மூடினார். சாவியைத் திருப்பப் போனார். அக்கா கண்ணாடி வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊ நான் சேத்தது" என்றேன்.

"என்னது?"

"காரு அப்படிக் கத்தவே இல்லப்பா. நான்தான். முறுக்கு குடுத்தாங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், அடி விழும் என்று கன்னத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். அவர் இறங்கிப்போய்ப் புளியமரத்தை ஒருமுறை சுற்றினார். திரும்பிவந்து கலியபெருமாள் காதில், "ஊளை இல்லீங்களாம்! ஊளையே இல்லையாம்! நீங்க சொன்னதுதான்!" என்று கத்தினார். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கலியபெருமாள் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து காரடியில் நுழைந்தார். நானும் தலையை விட்டுப் பார்த்தேன். தண்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். முன்முனையில் 'டக்' என்று ஒரு விரற்கடை ஆடியது. அந்த இணைப்பைச் சுற்றி, செங்கல்லை இழைத்துத் தூவியதுபோல் சிவப்பு மாவு படிந்திருந்தது. எண்ணெய் வற்றிய இரும்பு தன்னைத்தானே தின்று துப்பிய மாவு. விரலில் தொட்டு அப்பாவிடம் நீட்டினார்.

"இது வுட்டுப் போயிருந்தா, தண்டு முன்னாடி எறங்கித் தார்ல குத்திகினு, வண்டியத் தூக்கி அந்தாண்ட போட்டிருக்கும் சார். புள்ளைங்கள வச்சிகினு ஓட்டியிருக்கீங்களே."

அப்பா புளியவேரில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலைக்குள் வடலூரில் புது கிராஸ் மாட்டியாகிவிட்டது. பண்ருட்டிக்காரர் வந்து, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை அறுபதில் போனோம். கார் தண்ணீரில் போகும் படகுபோல் போனது. அம்மா அந்த நிசப்தத்தைக் கண்டு முதலில் பயந்து, பிறகு சேத்தியாத்தோப்புப் பாலத்தில் தூங்கிவிட்டாள்.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது; புளியமரங்கள் இல்லை. கலியபெருமாளின் ஊர் இருந்த இடத்தில் சுரங்கத்தின் பள்ளம்தான் இருக்கிறது, அவரும் இல்லை. இன்றைய கார்கள் தங்கள் நோயைக் கம்ப்யூட்டரிடம் தாங்களே சொல்லிவிடுகின்றன. நடுவில் நின்று நடித்துக் காட்ட ஒரு பையன் வேண்டியதில்லை. அந்த வேலை ஒழிந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கணக்குப் பேராசிரியராக ஓய்வுபெற்றுச் சிதம்பரத்திலேயே தங்கிவிட்ட அக்காவைப் போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், அந்த 'ஊ' பொய் என்று தனக்கு முதல் நாளே தெரியும் என்றாள்.

"பின்ன ஏன் சொல்லல?"

"மூணு வாரமா யோசிச்சுக்கிட்டேதான் இருந்தேன். புது ஊரு, தெரியாத பொண்ணுங்க, ஹாஸ்டல்ல எத்தனை படியோ... பயமா இருந்துச்சுடா. கார் சரியாகலைன்னா போக வேணாம், யாரும் என்னைக் கேக்கவும் மாட்டாங்க." டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "நீ வாயத் தொறந்துட்ட. நான் போக வேண்டியதாப்போச்சு."