மாலை போட்ட பெட்டி

சரசுவின் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு மைசூர் மேட்டகள்ளிக்கு வருகிற ஆட்கள் முதலில் என்னைப் பார்த்துத்தான் கும்பிடுவார்கள். "சார், அந்த மிஷின் நீங்க செய்யறதுதானே?"

நான் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நான் ஸ்டாண்டு அடிக்கிறவன்யா. ஓனரு பக்கத்து ரூம்ல உக்காந்திருக்காங்க, போய்ப் பாரு" என்பேன்.

எட்டிப் பார்ப்பார்கள். சேலைக்கு மேல் பழைய கம்பெனிக் கோட்டு மாட்டிய ஒரு பொம்பளை, சால்டரிங் புகையை வாயால் ஊதித் தள்ளிக்கொண்டிருப்பாள். திரும்ப என்னிடம் வருவார்கள். "அவங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரசுவுக்குச் சொந்த ஊர் மார்டள்ளி. தாய் தகப்பன் கட்டட வேலைக்கு மைசூர் வந்தபோது இடுப்பில் வந்தவள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் போனாள். அதற்கப்புறம் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. பச்சை அட்டையில் பொடிப்பொடிச் சாமான்களைப் பற்றவைக்கிற வேலை. வருஷக்கணக்கில் அதே நாற்காலி.

அவளுடைய அக்கா பொன்னம்மாவை மார்டள்ளியிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு. எங்கள் பக்கத்தில் புழு வளர்க்கிற மனை என்றால் கோயில் மாதிரி. செருப்பைக் கழற்றி, கைகால் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். அது நியாயம்தான், இல்லாவிட்டால் புழுவுக்கு நோய் வந்துவிடும். ஆனால் அதோடு இன்னொரு சட்டமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மாதவிலக்கான பெண் வாசல்படி தாண்டக்கூடாது. இலை பறிப்பது, நறுக்குவது, தட்டு சுத்தம் செய்வது எல்லாம் பெண்கள்தான். மாதத்தில் சில நாள் மட்டும் அவர்களே புழுவுக்கு எமன்.

ஒரு கோடையில் பொன்னம்மா வீட்டுப் புழு மொத்தமும் கூடு கட்டுவதற்கு முன்னாலேயே சுருண்டு செத்தது. தீட்டோடு உள்ளே போயிருக்கிறாள் என்று மாமியார் வீடு முழுக்கக் கூடி அவளை ஏசியது. துக்கம் கேட்கிற மாதிரிப் போன சரசு அந்த மனைக்குள் நின்று பார்த்திருக்கிறாள். தகரக் கூரை. நிற்க முடியவில்லையாம்.

"சூடு கொன்னிருக்குண்ணே. பழிய எங்கக்கா தலையில கட்டிட்டானுங்க" என்று என் பட்டறையில் வந்து சொன்னாள். அவள் அழவில்லை. ஒரு தாளில் படம் வரைந்து கையில் வைத்திருந்தாள். "இந்த மாதிரி ஒரு ஸ்டாண்டு அடிச்சுத் தருவீங்களா?"

அப்படித்தான் அந்தப் பெட்டி பிறந்தது. டிபன் பெட்டி அளவுதான் இருக்கும். மனைக்குள் சூடு எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். காற்று காய்ந்துபோனால் பனி மாதிரித் தண்ணீர் தெளிக்கிற விசிறியைத் தானே ஓட்டும். கைமீறிப் போனால் போன் போட்டுக் கூப்பிடும். கணக்கெல்லாம் சரசுவின் போனுக்கும் வந்துகொண்டே இருக்கும். அவள் கம்பெனியை விட்டு நின்றதும் இதற்காகத்தான். பழகிய சூப்பர்வைசர் ஒருவர், "இந்த மாசம் முடியற வரைக்கும் உன் இடத்தை வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது" என்று சொல்லியனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் நஞ்சன்கூடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நஞ்சுண்டசாமி வந்தார். அங்கே புழு வளர்க்கிறவர்கள் சங்கத்துக்குத் தலைவர். "என் மனையில ஒரு தடவை புழு வளர்ந்து முடியட்டும். கூடு நல்லா வந்தா சங்கமே வாங்கும். இல்லேன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்." எல்லாம் கன்னடத்தில், என் முகத்தைப் பார்த்து. பதில் சொன்னது சரசு. "சரி, யஜமானரே."

பெட்டி மாட்டப் போன அன்றே உரசல். "சார், பெட்டி கூப்பிடற நம்பர் என்னோடத எழுதிக்கங்க" என்றார் என்னிடம்.

சரசு திருப்புளியை வாயிலிருந்து எடுத்தாள். "புழுவுக்கு இலை போடறது யாரு, யஜமானரே?"

"எங்க வீட்டு ஜயம்மா."

"அப்ப நம்பர் அவங்களோடது."

"பெட்டி தொங்கறது என் சுவத்துல, தாயி."

"சுவரு உங்களோடதுதான். சுவத்துக்கு போன் எடுக்கத் தெரியாதே."

ஜயம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மனைவி. நாங்கள் வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தே நான் பார்க்கவில்லை. நம்பர் அவளுடையதே பதிவானது. வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார் மல்லம்மா, சரசுவை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனவ்வா, நீ இன்னைக்கு உள்ள வரலாமா?"

"பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது அவ்வா" என்று சொல்லிவிட்டு சரசு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்டி முதல்முறை கூப்பிட்டபோது நடந்ததை ஜயம்மாவே பிற்பாடு சொல்லிச் சிரித்தாள். போனை எடுத்தால், சரசு பெட்டிக்குள் பதிந்து வைத்த குரல். "சூடு ஏறுதக்கா, ஜன்னலத் திற." ஜயம்மா எழுந்து நின்று, "ஆய்த்தம்மா, ஆய்த்து. ஊட்டா ஆய்த்தா?" என்று பெட்டியிடம் சாப்பாடு விசாரித்திருக்கிறாள்.

புழு நன்றாகத்தான் வளர்ந்தது. தோல் உரிக்கிற நாட்களை அங்கே ஜுரம் என்பார்கள். புழு தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நாலாவது ஜுரம் தெளிந்து எழுந்தால் பேய்ப் பசி. அந்தச் சில நாள் தின்கிற இலைதான் பட்டாக மாறும். அப்போது வெக்கை பட்டால் எல்லாம் போச்சு.

புழு எழுந்த அன்று, உச்சி வெயிலில், சரசு போனும் கையுமாகப் பட்டறைக்கு ஓடிவந்தாள். "அண்ணே, இதப் பாருங்க. இந்த வெயில்ல மனைக்குள்ள மழை பெய்யுதுங்குது. இவ்வளவு ஈரம் எங்கேருந்து வரும்? பெட்டி பொய் சொல்லுது."

"ஸ்டாண்டு சாஞ்சிருக்குமா?"

"தெரியல. விசிறிய நிறுத்திட்டுச் சும்மா இருக்கு. புழு வேகும்."

ஜயம்மாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் வெளிய இருக்கேன் தாயி. மாட்டுக் கொட்டாயில. உள்ள போக முடியாது. அவரு சாமராஜநகர் போயிட்டாரு, போனை எடுக்கல."

"உங்க அத்தைய விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"பாத்தாச்சாம். பெட்டி ஜோரா இருக்காம்."

"வண்டிய எடுங்கண்ணே" என்றாள் சரசு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மல்லம்மா மனை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கதவுச் சந்தில் கையை வைத்தாலே வெக்கை அடித்தது. சரசு செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவினாள். கிழவி கையை நீட்டி மறித்தாள்.

"இன்னைக்குச் சொல்லிட்டுப் போ. உள்ள வரலாமா, கூடாதா?"

வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழி கிடைத்திருக்கும். யார் போய்ச் சோதிக்கப் போகிறார்கள்? சரசு அவள் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "எனக்கும் இன்னைக்குத்தான் அவ்வா. உள்ளதான் போறேன்."

சொன்ன கையோடு கொட்டாய்ப் பக்கம் திரும்பினாள். "ஜயக்கா, வாங்க. உங்க புழு சாவுது."

ஜயம்மா எழுந்தாள், நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"உள்ள போனேன்னா இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது!" என்று மல்லம்மா கத்தினாள்.

"நாளைக்கழிச்சு அதை ஆக்கப்போறது நான்தானே, அத்தே?"

அந்த வீட்டில் ஜயம்மா எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் கிழவியின் காலைத் தாண்டிப் போனார்கள். நான் பட்டறை அழுக்கும் பீடி நாற்றமுமாகப் பின்னால் நின்றேன். கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால், பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் இட்டிருந்தது. அதன் மேல் என் கைத் தடிமனுக்கு ஒரு மல்லிகை மாலை. வாடக்கூடாது என்று தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டிருக்கிறார்கள், இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. புழு எழுந்த சந்தோஷத்தில் நஞ்சுண்டசாமி காலையில் பூஜை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஈரத்தை மோந்து பார்க்கிற துளை சரியாக அந்தப் பூவுக்குப் பின்னால். பூவின் குளிர்ச்சியை மனையின் குளிர்ச்சி என்று நம்பிப் பெட்டி விசிறியை நிறுத்திவிட்டது.

"மாலையத் தொடாதீங்கடி! சாயங்காலம்தான் எடுக்கணும்!" என்று வாசலிலிருந்து சத்தம்.

சரசு மாலையைக் கழற்றித் திரும்பிப் பார்க்காமல் ஜயம்மாவிடம் நீட்டினாள். ஜயம்மா அதைக் கொண்டுபோய்ப் பசு மாட்டின் கழுத்தில் போட்டுவிட்டு வந்தாள். பெட்டியைத் துடைத்த கொஞ்ச நேரத்தில் விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. சாக்கை நனைத்து ஜன்னல்களில் கட்டினோம். ஓரத் தட்டுகளில் புழு துவண்டு கிடந்தது. அதில் கொஞ்சம் செத்தும் போனது. மற்றதுக்கெல்லாம் ஜயம்மா புது இலை தூவிக்கொண்டே வந்தாள். அப்புறம் மூன்று பேரும் காது கொடுத்து நின்றோம். முதலில் ஒரு மூலையில், பிறகு மனை முழுக்க, இலை தின்கிற சத்தம். ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. ஜயம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நஞ்சுண்டசாமி மனை முழுக்கக் கோமியம் தெளித்ததாகச் செய்தி வந்தது. அதற்கு மறுநாள் அவரே வந்தார். முதல்முறையாக என்னை விட்டுவிட்டு நேரே சரசுவின் முன்னால் போய் நின்றார்.

"நடந்தது நடந்துபோச்சு, தாயி. கூடு நல்லா வந்தா சங்கத்துல நானே பேசி எல்லாரையும் வாங்க வெக்கிறேன். அந்த நாள் சமாச்சாரம் மட்டும் உன் வாயில வரக்கூடாது. வந்தா என் கூட்டை ஒருத்தன் தொட மாட்டான். அப்புறம், அந்த நம்பர். என்னோடத மாத்திடு."

சரசு குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் வீட்டுக்காரர் சந்துரு டெம்போ ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். அவரும், "வாய மூடிட்டு இரு சரசு. இல்லேன்னா திரும்பக் கம்பெனிக்குத்தான் போகணும்" என்றார். மாதம் முடியப் போகிறது. சூப்பர்வைசரும் மறுபடி ஆள் அனுப்பியிருந்தார்.

கூடு வந்தது. பழுத்த புழுவைச் சந்திரிகையில், அதுதான் கூடு கட்ட விடுகிற மூங்கில் தட்டு, எடுத்துப் போட்டார்கள். கல் மாதிரிக் கெட்டியான கூடுகள். பால் சொசைட்டிக் கட்டடத்தில் சங்கம் கூடியது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் ஜன்னலுக்கு வெளியே. பெட்டிக்காரி என்று சரசுவுக்கு மட்டும் உள்ளே ஓர் ஓரத்தில் இடம், பக்கத்தில் நான். நஞ்சுண்டசாமி ஒரு சந்திரிகையைத் தூக்கிக் காட்டினார்.

"பெட்டி நல்ல பெட்டிதான். ஆனா பெட்டி மட்டுமில்ல. நம்ம மடி, நம்ம சுத்தம், நம்ம பூஜை. அதனாலதான் இந்தக் கூடு."

எல்லாரும் தலையாட்டினார்கள். சரசு எழுந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மார்டள்ளியிலிருந்து வந்து ஸ்டாண்டு கேட்ட அன்றைக்கு இருந்த அதே முகம்.

"நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. புழு எழுந்த அன்னைக்கு யஜமானர் ஈர மாலையப் போட்டாரு. பெட்டி ஏமாந்துபோச்சு. புழுவக் கொல்லப் பாத்தது அந்தப் பூ. காப்பாத்தினது ரெண்டு தீட்டுக்காரிங்க. ஒருத்தி நான்."

 கூட்டம் வெடித்தது. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. "மானங்கெட்டவ!" "இவளக் கூட்டிட்டு வந்தது யாருய்யா?" என்று ஒருத்தன் என் சட்டையைப் பிடித்தான். கையைத் தட்டிவிட்டேன். நஞ்சுண்டசாமி சந்திரிகையை மேஜையில் போட்டுவிட்டு, "பொய்! இவ பொய் சொல்றா!" என்றார்.

"பொய் இல்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜயம்மா நின்றிருந்தாள். "இன்னொருத்தி நான். அன்னைக்கும் இலை போட்டேன், மறுநாளும் போட்டேன். உங்க கோமியம் காயறதுக்குள்ள போட்டேன். கூட்ட அழுத்திப் பாருங்க. எந்தக் கூட்டுல தீட்டு இருக்குன்னு எடுத்துக் காட்டுங்க."

யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. எழுந்து போனார்கள். சங்கம் ஒரு பெட்டிகூட வாங்கவில்லை.

 பட்டறை வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும் சரசு, "அண்ணே, நாளைக்கும் கடைய நேரத்துக்குத் திறங்க. ஸ்டாண்டு வேணும்" என்றாள். மாதம் முடிந்தது. அவள் கம்பெனிப் பக்கம் போகவில்லை.

சில நாள் கழித்து ஜயம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். மடியில் துணி சுற்றிய பெட்டி. நஞ்சுண்டசாமி கழற்றி எறிந்துவிட்டாராம். கூட அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர்.

"இதச் சரிபண்ணிக் குடு தாயி. நம்பர் என்னோடதே இருக்கட்டும். இவங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு வேணும், அவங்கவங்க நம்பரோட."

"யஜமானர் ஒத்துக்கிட்டாரா?" என்றேன்.

"புதுப் புழு வந்திருக்கு அண்ணா. பெட்டி சுவத்துக்கு வரலேன்னா இலைய நீங்களே போட்டுக்கங்கன்னு சொல்லிட்டுத் திண்டுல சாஞ்சு உக்காந்துட்டேன். ஒரு வேளை போட்டாரு. மறுவேளை, போய் அந்தப் பெட்டிய சரிபண்ணி எடுத்துட்டு வான்னாரு."

அந்த ஊரில் பெரும்பாலான வீடுகள் இன்னும் வாங்கவில்லை. வாங்காமல் போகட்டும். வாங்கிய வீடுகளில் எல்லாம் பெட்டி பெண்ணின் நம்பரைத்தான் கூப்பிடுகிறது. மாட்டப் போகிறதும் இப்போது ஜயம்மாதான். நான் ஸ்டாண்டை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன்.

போன வாரம் குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு வீடு. வாசலில் ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி ஜயம்மாவிடம் கேட்டாள். "தப்பா நினைக்காதேம்மா, இன்னைக்கு நீ உள்ள..."

ஜயம்மா காலைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்குத்தான் ஆரம்பம். ஒரு ஸ்டூல் குடு தாயி, உயரத்துல மாட்டணும். மாலை போடறவங்க கைக்கு எட்டக்கூடாது."