இருபத்தொன்பதாம் நாள் வாங்கிய கார்

அம்பொன்சாவின் இடது காதில் பாதிதான் உண்டு. மீதியை அவனுடைய முதலாளி ஸ்பேனரால் அடித்துப் பிய்த்துவிட்டார். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. அந்த முதலாளி செத்தபோது, மேகசின் என்ற எங்கள் கார் பட்டறைப் பேட்டையில் டிங்கர்கள், சீட் தைப்பவர்கள் எல்லாரும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு போனோம். அம்பொன்சாவும் வந்தான். பிணத்தின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். சவப்பெட்டி கவிழப் பார்த்தது. அவனைத் தூக்கி வெளியே போட ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

குமாசி நகரத்திலேயே நசுங்கிய காரை நிமிர்த்த அவனை மிஞ்சிய ஆள் கிடையாது. ஒடுக்கைக் கண்ணால் பார்க்க மாட்டான், உள்ளங்கையால் தடவுவான். அந்தக் கையாலேயே கூலி குறைத்துப் பேசியவனின் பல்லைப் பெயர்ப்பான், பக்கத்துப் பட்டறைக்காரனின் மூக்கை உடைப்பான், வீட்டுக்குப் போய் செர்வாவையும் அடிப்பான். நான் அவன் பட்டறைக்கு அடுத்த கொட்டகையில் கார் சீட் தைப்பவன். மெத்தடிஸ்ட் சபைக்காரன் என்பதால் அவன் என்னைப் பாதிரி என்றுதான் கூப்பிடுவான். பத்தொன்பது வருஷத்தில் என்னை மட்டும் அவன் அடித்ததில்லை. ஏன் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

செர்வா அவன் மனைவி. மூன்று பெண் குழந்தைகள். ஒரு மழைக்காலத்தில் சூப்பில் உப்பு அதிகம் என்று உலக்கையை எடுத்து அவள் முழங்கையில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எங்கள் சந்து வரை கேட்டது என்று சொன்னார்கள். அன்றைக்கே, கையைத் துணியில் கட்டிக்கொண்டு, மூன்று பெண்களோடு சேனைக்கிழங்கு ஏற்றிய லாரியின் மேல் ஏறி மாம்போங்கில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளைக் கூப்பிட அவன் இரண்டு முறை போனான். முதல் முறை அந்த வீட்டுப் பெண்கள் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். இரண்டாம் முறை உலக்கையால். மூன்றாம் முறை என்னையும் துணைக்கு இழுத்துப் போனான். தாய்மாமன் ஒபிரி முற்றத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவை அணைக்காமலே பேசினார்.

"ஒடஞ்ச கையோட கெழங்கு மூட்டை மேல உக்காந்து வந்தா என் மருமக. அவ ஒங்கிட்டத் திரும்பி வரணும்னா ஒன் சொந்தக் கார்ல, சீட்ல சாஞ்சு உக்காந்து, இந்த ஊரு பாக்கப் போகணும். ஈஸ்டருக்குள்ள. அதுக்குள்ள எந்த மனுஷன் மேலயாவது ஒன் கை விழுந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், இந்தப் பக்கம் தலை வைக்காத மாப்ளே."

"கார் நிமுத்துறவன்தானே நான். கொண்டாறேன்," என்றான் அம்பொன்சா.

ஈஸ்டருக்கு நாலு வாரம் இருந்தது. கையில் இருந்த காசுக்கு ஓடுகிற கார் கிடைக்காது, செத்த கார்தான் கிடைக்கும். அப்படித்தான் ஃப்ரேமா என்ற விதவையின் காரைக் கண்டுபிடித்தான். ஃப்ரேமாவின் புருஷன் மரம் ஏற்றிய லாரி மோதி ஸ்டியரிங்கிலேயே செத்துப்போனவர். நாலு கதவு வைத்த சாம்பல் நிற ஜப்பான் கார். இடது பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. எங்கள் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம்தான்; முன் கதவு டிரைவர் சீட்டுக்குள் மடங்கிக் கிடந்தது.

எங்கள் ஆட்களில் ஒருவன் செத்தால், அவன் பொருள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்று சட்டம் சொல்கிறது. பழைய வழக்கப்படி எல்லாம் தங்களுக்கே என்று செத்தவனின் அக்கா தங்கை பிள்ளைகள் அதை ஒப்புக்கொள்வதில்லை. நாற்பதாம் நாள் குடும்பம் கூடி உட்கார்ந்து, எது யாருக்கு என்று பேசி முடிக்கும்வரை, செத்தவனின் செருப்பைக்கூட நகர்த்தக் கூடாது. ஃப்ரேமா காரை விற்றது இருபத்தொன்பதாம் நாள்.

"என்னண்ணே செய்யச் சொல்றீங்க?" என்றாள் அவள். நெற்றியில் காய்ந்த காயம். "டார்க்வாவும் அவன் தம்பிகளும் நேத்து வந்து என் பானையெல்லாம் தெருவுல போட்டு ஒடச்சானுங்க. நாப்பதாம் நாளு வரைக்கும் நான் உசுரோட இருந்தாத்தானே."

டார்க்வா என்பவன் செத்தவரின் அக்கா மகன்களில் மூத்தவன். கசாப்புக் கடையில் எலும்பு வெட்டுகிறவன்.

நான் அம்பொன்சாவைத் தனியே இழுத்தேன். "தம்பி, பதினோரு நாள் பொறு. குடும்பத்துப் பெரியவர் கையால வாங்கு."

"பதினோரு நாள் போனா எனக்கு மிச்சம் ஒன்பது நாளு. அதுல எதை நிமுத்துறது? நீ போய் ஜெபம் பண்ணு பாதிரி. வண்டிய நான் பாத்துக்கறேன்."

விற்றதற்குச் சீட்டு எழுதி, ஃப்ரேமாவும் அவள் மூத்த மகனும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அன்றைக்கே ஊரைவிட்டுப் போனாள்.

அடுத்த பதினாறு நாளும் எங்கள் சந்தில் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. காரின் பின்பக்கத்தை மாமரத்தோடு கட்டினான். நசுங்கிய கதவுத் தூணில் சங்கிலி மாட்டி, ஒரு லாரியால் இழுத்தான். இரும்பு கத்திக்கொண்டு வெளியே வந்தது. சங்கிலி ஒரு தடவை அறுந்து விசிறியதில் மரத்தின் பட்டை ஒரு முழம் உரிந்து போனது. பழைய எண்ணெய் பீப்பாயை வெட்டிக் கதவுக்கு ஒட்டுப் போட்டான். காலையில் மரச் சுத்தியல், மத்தியானம் இரும்புச் சுத்தியல், சாயங்காலம் உப்புத்தாள். கை பிளந்து ரத்தம் வந்தால் கிரீஸைத் தடவிக்கொண்டு மறுபடி அடிப்பான். அதற்கு நடுவில் ஒரு பேட்டரிக்காரன் வந்து அவன் அம்மாவைச் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான். அம்பொன்சா பல்லைக் கடித்துக்கொண்டு மட்கார்டையே அடித்தான்.

டிரைவர் சீட்டின் பஞ்சு ரத்தம் குடித்துக் கல்லாகியிருந்தது. நான் அதைக் கழற்றி, ஜெபம் பண்ணி, குப்பை மேட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். மனிதனின் ரத்தத்தை நாய் இழுக்க விடக் கூடாது அல்லவா. பிறகு புதுப் பஞ்சு வைத்து பழுப்பு ரெக்சினில் தைத்தேன். பின் சீட்டை மூன்று சின்னப் பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு மூன்று பள்ளம் வைத்துத் தைக்கச் சொன்னான். "சின்னவ தூங்கிச் சரிவா. ஓரத்துல கொஞ்சம் தூக்கி வை," என்றான். பெயிண்ட் வான நீலம். புதன்கிழமை கடைசிப் பூச்சு காய்ந்தது. இடது கதவை மூடினால் ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். புதுக் காரின் கதவுகூட அப்படி மூடாது. பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து போதகர் எண்ணெய் பூசி ஜெபிப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை நடுமத்தியானம் டார்க்வா வந்தான். கூட ஐந்து தம்பிகள். எல்லார் கையிலும் வெட்டுக்கத்தி.

"அடடா, டிங்கரு! எங்க மாமா காரு கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிருச்சே," என்று டார்க்வா பானட்டைத் தட்டினான். "ரொம்ப நன்றி. நாப்பதாம் நாளு குடும்பம் கூடி இது எங்களுக்குன்னு பேசியாச்சு. சாவியக் குடு."

"சீட்டு இருக்கு. கையெழுத்து இருக்கு," என்றான் அம்பொன்சா.

"யாரு கையெழுத்து? எங்க மாமனத் தின்ன சிறுக்கி கையெழுத்தா? நாப்பது நாளு முடியறதுக்குள்ள நீ அவரு சட்டைய உருவிட்டியேடா பிணந்தின்னி!"

"தம்பிகளா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்று நான் நடுவில் போனேன். ஒருவன் என் நெஞ்சில் உதைத்தான். என் தையல் மிஷின் மேலேயே விழுந்தேன்.

டார்க்வா கத்தியின் தட்டைப் பக்கத்தால் அம்பொன்சாவின் தலையில் அடித்தான். ஒரு தடவை. மறுபடியும். மூன்றாவது அடியில் கத்தி திரும்பி நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணை மூடிவிட்டது. மற்றவர்கள் அவனைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தார்கள். சந்தே கூடி நின்று பார்த்தது. அம்பொன்சா அடி வாங்குவதை எங்கள் சந்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பழைய கணக்கு உள்ளவர்கள் சிரித்ததையும் நான் கேட்டேன்.

அவன் எழுந்தபோது கையில் பெரிய சம்மட்டி இருந்தது. டார்க்வா பின்வாங்கியதில் கால் தடுக்கிக் காரின் மேல் சாய்ந்துவிட்டான். சம்மட்டி அவன் தலைக்கு நேர் மேலே நின்றது. அம்பொன்சாவின் தொண்டையிலிருந்து நாய் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். பாதி சொல்லும்வரை எதுவும் விழவில்லை.

"விலகுடா," என்றான் அம்பொன்சா.

டார்க்வா தவழ்ந்து விலகினான். சம்மட்டி நீலக் கதவின் மேல் விழுந்தது.

"நான் வாங்குனது நசுங்குன காரு! அதைத்தானேடா கேக்குற? எடுத்துட்டுப் போ!"

கதவு உள்ளே போனது. அடுத்து தூண், அடுத்து மட்கார்டு. முதலில் அந்த ஆறு பேரும் கெக்கலித்தார்கள், ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று. அப்புறம் சிரிப்பு நின்றது. அவன் கண்டபடி அடிக்கவில்லை. ஒவ்வொரு ஒடுக்கையும் தடவித் தடவி நிமிர்த்தியவன், எது எங்கே இருந்தது என்று அவன் கைக்குத் தெரியும். கண்ணில் ரத்தம் மறைக்க, கையால் தடவி இடம் பார்த்து, அதே இடத்தில், அதே ஆழத்துக்கு அடித்தான். முன் கதவு மடங்கி டிரைவர் சீட்டுக்குள் போனது. ஸ்டியரிங்கை வளைத்து நெஞ்சு இருக்கும் உயரத்துக்குத் தள்ளினான். முடிந்தபோது, அவர்கள் மாமா செத்த அன்று லாரி விட்டுப்போன கார் அப்படியே நின்றது. நிறம் மட்டும் நீலம்.

தம்பிகளில் கடைசியானவன் ஓடிப்போய் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தான். டார்க்வா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டான். காரைச் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஈஸ்டர் அன்று, நெற்றியில் ஒன்பது தையலோடு அவனும் துணைக்கு நானும் வேனில் ஏறி மாம்போங் போனோம். ஒபிரி எங்களைப் பார்த்ததும் தெருவைப் பார்த்தார்.

"காரு எங்க மாப்ளே?"

"இல்ல."

செர்வா உள்ளேயிருந்து வந்தாள். வலது கை முழுதாக நீளவில்லை. புருஷனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. யாரையாவது அடிச்சாரா?"

"இல்லம்மா. அவனைத்தான் அடிச்சாங்க. அவன் காரைத்தான் அடிச்சான்."

"ஆள் மேல கை ஓங்கினாரா?"

அம்பொன்சா என்னைப் பார்த்தான். பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. அன்று கண்ணால் கெஞ்சினான்.

"ஓங்கினான்," என்றேன். "ஆனா எறக்கல. தன்னைத்தானே நிறுத்திக்கிட்டான்மா."

"தொண்டையில சத்தம் வந்துச்சா? உறுமுற மாதிரி?"

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். "வந்துச்சு," என்றேன்.

அவள் நீளாத கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சத்தம் இருக்கிற வீட்டுக்கு நான் வரல. பிள்ளைங்களப் பாக்கணும்னா வரட்டும். வெறும் கையோட, வேன்லயே வரட்டும்."

உள்ளே பெண்கள் உலக்கையைக் கையில் எடுத்தது தெரிந்தது. அம்பொன்சாவின் விரல்கள் மடங்கின. அவற்றை ஒவ்வொன்றாக விரித்தான். பிறகு, "சரி," என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இது நடந்து நாலு வருஷம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் மாம்போங் போகிறான். பிள்ளைகள் முற்றத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். செர்வா அடுப்படியிலேயே இருக்கிறாள். இந்த நாலு வருஷத்தில் நான் அறிய அவன் மனிதர் யாரையும் அடிக்கவில்லை. அதற்காகத் தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். செர்வாவுக்காகவும் முழங்கால் போடுகிறேன். அவள் திரும்பி வர வேண்டும் என்று கேட்பதா, வரவேண்டாம் என்று கேட்பதா, எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரை மட்டும் சொல்லி ஆமென் போட்டுக்கொள்கிறேன்.