இரண்டுக்கும் நாற்பது கல்

"ஒந்து, எரடு, மூரு..." கயிற்று முடிச்சுகளைக் கட்டைவிரலால் தடவியபடி எண்ணிக்கொண்டே போகிறாள் மாதேஸ்வரி. நடுவில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆனேக்கல் பக்கம் கூலிக்குப் போய்க் கற்ற தொழில், அதனால் எண்ணுவது கன்னடத்தில். சண்டையும் பேரமும் தமிழில்தான்.

வேப்பனப்பள்ளிச் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களுக்குக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பது அவள் வேலை. புடவைக்கு மேலே, கணவன் கோபி ஓசூர் கம்பெனியில் வாங்கிய நீலச் சட்டை. கோபியைவிட அந்தச் சட்டைதான் அதிகம் உழைத்திருக்கும். கயிறு நாற்பது அடி, அடிக்கொரு முடிச்சு. ஒரு நுனியை முளையில் கட்டிவிட்டு மறுநுனியோடு தானே ஓடுவாள். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள். "இழுத்துப் புடிச்சா ஒரு அளவு, தொளதொளன்னு வுட்டா ஒரு அளவு. கெட்ட பேரு எனக்கு."

போன மாதம் வெங்கடப்பன் வீட்டு மாந்தோப்பில் பாகப்பிரிவினை. அவருக்கு ஒரு துண்டு, தங்கை சுஜாதாவுக்கு ஒரு துண்டு. வேலிக்கு எத்தனை கல் என்று கேட்டதற்கு மாதேஸ்வரி, "பத்தடிக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் நாப்பது நாப்பதுங்க" என்று சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் நிலத்தைக் கல் கணக்கில்தான் சொல்வார்கள். "கல்லு சமம்னா பாகமும் சமந்தான்" என்று வெங்கடப்பன் முடித்துவிட்டார். சுஜாதாவுக்கு மனசு ஒப்பவில்லை, எதிர்த்துச் சொல்லவும் தெரியவில்லை. பத்திரப் பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று; அதற்கு முந்தின நாளே வேலி வேலை தொடங்கிவிட்டது.

சுஜாதா பக்கத்தில் முதல் கல்லை நட்ட பிறகுதான் இந்தச் சங்கதி மாதேஸ்வரியின் காதுக்கு வந்தது.  அண்ணனுடையது நூறுக்கு நூறு சதுரம். தங்கையுடையது ஓடையோரம் நூற்றெண்பது அடி நீளம், இருபதே அடி அகலம். ஒற்றை வரிசை மாமரம். வேலி போடுகிறவளுக்கு இரண்டும் ஒரே வேலைதான், பேசாமல் நட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நாற்பது என்று சொன்ன வாய் அவளுடையதாயிற்றே.

வெங்கடப்பன் தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மாதேஸ்வரி அவரைச் சுற்றி நாலு முளை அடித்து, பக்கத்துக்குப் பத்து முடிச்சாகக் கயிற்றைக் கட்டினாள். கட்டில் போக இன்னும் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கி, அதே கயிற்றைப் பக்கத்திலேயே நீளத்துக்குப் பதினெட்டு முடிச்சும் அகலத்துக்கு இரண்டு முடிச்சுமாகக் கட்டினாள்.

"அதே நாப்பது முடிச்சுதாங்கண்ணா. இப்பக் கட்டில உள்ள போடுங்க."

அவர் நீளவாக்கில் போட்டார், குறுக்கே போட்டார். எப்படிப் போட்டாலும் இரண்டு கால் வெளியேதான் நின்றது.

"ஏம்மா, நாப்பதுன்னு நீதான சொன்ன?"

"வேலிக்குச் சொன்னேங்க, நெலத்துக்குச் சொல்லல. சுத்தி வர்றது வேற, உள்ள கெடக்கற எடம் வேற. உங்களுதுல மூணுல ஒரு பங்குதான் சுஜாதாக்காவுக்குத் தேறும்."

வெங்கடப்பன் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். நல்ல மனிதர், தெரிந்து செய்தவரில்லை. கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டையும் சேத்து மறுபடியும் அளந்து பிரி" என்றார்.

மாதேஸ்வரி தான் நட்ட கல்லைக் கடப்பாறையால் நெம்பிச் சாய்த்தாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, மரத்தடியில் நின்றிருந்த சுஜாதாவிடம் போய் அதன் நுனியை அவள் கையில் கொடுத்தாள்.

"நல்லா இறுக்கிப் புடிங்கக்கா."