அக்காவின் கையில் பிழையில்லை

எங்கள் அக்கா அமராவதி நகருக்கு அருகே, அணைத் தண்ணீர் பாயும் கரும்புக்காட்டு வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். மண்ணரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். மச்சான் மாரடைப்பில் காலமான பிறகு, முன்னறையில் தையல் மெஷின்கள் போட்டு, நெருப்பெரிச்சல் ஊர்க் கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணி பீஸ் எடுத்துவந்து தைத்துக் கொடுத்து, மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலராக இதைப் பெறும் உறவினர்கள் அனைவருக்கும் இது தெரியும். நீங்கள் மறந்துவிட்ட ஒன்றைத் தங்கையாகிய நான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மச்சான் விட்டுச்சென்ற பழைய காரை விற்றுவிடும்படி பலரும் சொன்னீர்கள். அக்கா விற்கவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டார். பின் சீட்டை மடக்கி, பண்டல் ஏற்றி, கம்பெனிகளுக்குக் கொண்டுபோனார். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் காரின் கியர் லிவர் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. முதல் கியர் போட்டால் மூன்றாவதில் விழும். ரிவர்ஸ் சில நேரம் விழவே விழாது.

மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கிளட்சைப் பாதி மிதிச்சுட்டு கியர் போட்டா இப்படித்தானுங்க்கா. உங்க கைதான் சரியில்ல."

"முழுசா மிதிச்சுத்தானுங்க போடறேன். உள்ள என்னமோ கழண்டு ஆடுதுங்க."

"அப்ப கியர்பாக்ஸையே இறக்கோணும். வண்டிய ஒரு வாரம் உட்டுட்டுப் போங்க."

வண்டி ஒரு வாரம் நின்றால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். அக்கா ஆடும் லிவரோடே ஓட்டினார். நெருப்பெரிச்சல் ஏற்றத்தில் ஒருநாள் முதல் கியருக்குப் பதில் மூன்றாவது விழுந்து, இன்ஜின் நின்று, வண்டி பின்னால் உருண்டு ஒரு டெம்போவின் மேல் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் அடுத்து வந்த கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து எங்கள் பெரியப்பா மகன் உரக்கச் சொன்னார்: "கியர் போடத் தெரியாதவளுக்கு எதுக்கு சாமி காரு?" இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தீர்கள். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா கை பிரேக்கைப் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினார். இன்ஜினைப் போடாமல், உள்ளே உட்கார்ந்து லிவரை மட்டும் அசைக்கும்படி என்னிடம் சொன்னார்.

"இப்ப எடது பக்கம் தள்ளு கண்ணு... தள்ளீட்டயா?"

"தள்ளீட்டனுங்க்கா."

"இங்க ஒண்ணுமே அசையல. வந்து பாரு."

லிவரிலிருந்து வரும் கேபிளின் நுனி, கியர்பாக்ஸின் கையைப் பிடித்திருக்க வேண்டிய இடத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ் என்ற சின்ன வளையம், விரல் நுனி அளவுதான் இருக்கும், தேய்ந்து பொடிப்பொடியாகிக் கிடந்தது. முதலில் போன உதிரிபாகக் கடையில், புஷ் கேபிள் செட்டோடுதான் வரும் என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் அக்கா சொன்னதைக் கேட்டு, அலமாரி முழுக்கத் தேடி, புஷ் மட்டும் எடுத்துக் கொடுத்தார். அதை வெந்நீரில் போட்டு இளக்கி, கிரீஸ் தடவி, குறட்டால் அழுத்திக் கேபிள் நுனியில் உட்கார வைத்தார் அக்கா. நுனியைப் பழைய இடத்தில் வைத்து அமுக்கியதும் டக்கென்று பிடித்தது. எல்லா கியரும் அதனதன் இடத்தில் விழுந்தன.

கிரீஸ் கையோடு அக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். "என்ற கையில ஒரு கோளாறும் இல்ல கண்ணு. நாஞ் சொன்னத ஒருத்தராச்சும் நம்பியிருக்கலாம்" என்றார்.

கார் ஓடியது. பெரியப்பா மகன் அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

கடைசி ஆண்டில் அக்காவின் அடிவயிறு உப்பத் தொடங்கியது. "உள்ள என்னமோ சரியில்லீங்க" என்று மருத்துவரிடம் சொன்னார். அவர், "வீட்ல டென்ஷனா?" என்று கேட்டு, வாயுத் தொல்லைக்கு மாத்திரை எழுதினார். மறுபடி போனபோது தூக்க மாத்திரை. உறவினர்களான உங்களிடமும் அக்கா சொன்னார். "தனியா இருக்கிறவளுக்கு அப்படித்தான் தோணும்" என்றீர்கள். கோயமுத்தூரில் ஒரு பெண் மருத்துவர்தான் முழுதாகக் கேட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சினைப்பையில் தொடங்கிய புற்று அதற்குள் எங்கும் பரவியிருந்தது.

படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கப் பழங்களோடு வந்தீர்கள். கட்டிலருகே நின்று பெரியப்பா மகன் கேட்டார்: "முன்னாலயே சொல்லியிருக்கலாமல்ல சாமி?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சொன்னனுங்க."

அந்த வாரமே அக்கா கண்மூடினார்.

நன்றிக்குரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அக்காவின் பேச்சைக் கடைசிவரை கேட்ட அந்த மருத்துவர். அலமாரியில் தேடிய கடைக்காரர். அக்காவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மெஷினையும் ஓட்டி, ஆர்டர் தவறாமல் பார்த்துக்கொண்ட, முன்னறையில் அக்காவோடு தைத்த பெண்கள். அவர்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். துக்கம் கேட்க வந்த இடத்தில், "வாயில்லாப் பூச்சி, எதையும் சொல்லாமலே போயிட்டா" என்று பேசிக்கொண்டீர்கள். இனி எந்த வீட்டிலும் எங்கள் அக்காவைப் பற்றி அப்படிச் சொல்லாதீர்கள்.